வெந்நீரும் வசனநடையும்

சித்திரை மாதத்து நண்பகலிலே கிணற்றடியிற் கிடக்கும் கறுத்த இறப்பர்க் குழாயைத் திறந்தவர்கள், முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடுவதை அறிவார்கள். முதல் அரை வாளி வெந்நீர். பின்னர் வருவது பச்சைத் தண்ணீர். குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்த நீரை வெயில் காய்ச்சிவிட்டது. இதனை அறிதற்கு விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஆயினும், அந்த அரை வாளியை நூறு லீற்றராகப் பெருக்குவது எங்ஙனம், பெருக்கியதை மறுநாள் விடியுமட்டும் ஆறாமற் காப்பது எங்ஙனம் என்று கேட்டால், நம்மிற் பலர் வாய்மூடி நிற்போம். யானும் ஐம்பது வயது கடக்கும்வரை அவ்வாறே நின்றவன்.

இலக்கியப் பக்கத்திலே வெந்நீருக்கு என்ன வேலை என்று வினவுவார் வினவுக. வெந்நீர் காய்ச்சப் புகுந்த இடத்திலே தமிழ் வசனநடையைப் பற்றி எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் கட்டுரைப் பயிற்சி நடத்தியும் கிடையாத பாடம் அது. அதனைச் சொல்லவே இதனை எழுதலானேன்.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்கமாட்டோம். சமையல் எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பங்குனி மாதத்திலே மின்சாரம் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நின்ற காலமும் அதுவே. எங்கள் வீட்டிலே என் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். மூட்டுவலிக்காரர். நொச்சியிலை போட்ட வெந்நீரிலே குளித்தாலன்றி அவருக்கு நித்திரை வாராது. பன்னோலையையும் பொச்சு மட்டையையும் எரித்து ஒரு கிடாரத் தண்ணீரைச் சுடவைக்க ஒரு மணி நேரம் செல்லும். புகையோ வீடு முழுவதும். ஒருநாள் தாயார், "தம்பி, எனக்காக இவ்வளவு விறகை எரியாதை. நான் பச்சைத் தண்ணியிலே குளிக்கிறன்" என்றார். அன்றிரவு முழுவதும் அவர் முனகிக்கொண்டே கிடந்தார்.

மறுநாள் இதனை வகுப்பிலே தற்செயலாகச் சொன்னேன். உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒருவன், என்னிடம் தமிழுக்கு மாத்திரம் வருபவன், எழுந்து நின்றான். "ஐயா, முற்றத்திலே விழுகிற வெயில் சும்மாதானே போகுது. நாங்கள் ஒரு பெட்டி செய்து பார்ப்பமோ?" என்றான். ஏட்டுக்கல்வியிலே அவன் நடுத்தரம், எழுத்துப்பிழை மலிந்தவன். அவனுடைய கைக்குத் தெரிந்தது என் தலைக்குத் தெரியாது என்பதை அடுத்த ஒரு மாதத்திலே அறிந்தேன்.

பொறியின் அமைப்பை இனிக் கூறுவேன். அதற்கு உறுப்புகள் இரண்டு: வெயிலை ஏற்பது ஒன்று, வெந்நீரைக் காப்பது மற்றொன்று. முன்னதற்கு நாங்கள் வெயிற்பெட்டி என்று பெயரிட்டோம். பின்னது தாங்கி.

வெயிற்பெட்டி ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடைய ஆழங்குறைந்த மரப்பெட்டி. அதன் அடியிலே இரண்டங்குலக் கனத்துக்குத் தென்னந்தும்பை இறுக அடைத்தோம். அதன்மேல் ஒளிராத கறுப்பு மை பூசிய தகரத் தகடு. தகட்டின்மேல் நெடுக்காக அரையங்குலச் செப்புக் குழாய்கள் எட்டு. அவற்றின் மேல் நுனிகள் எட்டும் ஓரங்குலக் குழாய் ஒன்றிலே சேரும். கீழ் நுனிகளும் அவ்வாறே மற்றொன்றிலே சேரும். எல்லாவற்றுக்கும் மேலே, காற்றுக்கு ஓரங்குல இடைவெளி விட்டு, சாளரத்துக்கு இடும் சாதாரண கண்ணாடி. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சுட்ட தகடு வெளிவிடும் வெப்பக் கதிரை வெளியே விடாது. காற்று வந்து தகட்டை ஆற்றவும் விடாது. இது புதிய செய்தியன்று. சுவிற்சலாந்து தேசத்து அறிஞர் சோசூர் என்பார் 1767ஆம் ஆண்டிலேயே கண்ணாடி மூடிய பெட்டிகளைச் செய்து, வெயிலால் மாத்திரம் உள்ளே எத்துணை வெப்பம் திரளும் என்று அளந்து பார்த்தார்.

காப்பதுதான் பின்னர் வந்தது. அமெரிக்காவிலே கெம்ப் என்பவர் 1891இலே உரிமை பெற்ற கருவியில், நீர் நிறைந்த தொட்டிகளே கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலிற் கிடந்தன. பகலிலே சுட்ட நீர் இரவிலே அங்கேயே கிடந்து ஆறிற்று. 1909ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் பெய்லி என்பவர், வெயில் ஏற்கும் குழாயை ஒரு பெட்டியிலும், நீரைக் காக்கும் தாங்கியை அதற்கு மேலே கனத்த போர்வைக்குள்ளும் பிரித்து வைத்தார். அதன்பின்னரே வைகறையிலும் வெயிலின் வெந்நீர் கிடைத்தது. ஈட்டல் ஒன்று, காத்தல் வேறொன்று. இரண்டையும் ஒரே பாத்திரத்திலே செய்ய முயன்றால் ஈட்டியது நில்லாது.

எங்கள் தாங்கி, பழைய இரும்புக் கடையிலே வாங்கியது. பழுதாகிப் போன மின்சார நீர்சூடாக்கி ஒன்றினுள் இருந்தது. 100 லீற்றர் கொள்ளும். அதனைச் சுற்றி அரையடிக் கனத்துக்குத் தும்பு. தும்பு நனைந்தால் வெப்பத்தைக் காவாது ஆதலின் அதற்கு வெளியே தகரச் சட்டை. தாங்கியின் அடியிலிருந்து ஒரு குழாய் வெயிற்பெட்டியின் கீழ்ப்புறத்துக்கு இறங்கும். பெட்டியின் மேற்புறத்திலிருந்து மற்றொரு குழாய் தாங்கியின் மேற்பாகத்துக்கு ஏறும். குளிக்கும் நீரை உச்சியிலிருந்து எடுக்கவேண்டும். கிணற்று நீர் அடியிலே புகவேண்டும். உச்சியிலே வாய் திறந்த குழாய் ஒன்றும் உண்டு. காற்றும் ஆவியும் போக அதுவே வழி; அதனை அடைத்தல் ஆபத்து.

இதிலே நீரிறைக்கும் பொறி யாதும் இல்லை. பின் நீரை ஓடச் செய்வது எது? 60 பாகைச் சூட்டிலுள்ள ஒரு லீற்றர் நீர், 30 பாகையிலுள்ள ஒரு லீற்றர் நீரிலும் ஏறக்குறைய 12 கிராம் நிறை குறைந்தது. ஒரு மேசைக்கரண்டி நீரின் நிறைகூட அன்று. அந்தச் சிறு வேற்றுமையினாலே சுட்ட நீர் மேலே எழுந்து தாங்கிக்குட் செல்ல, குளிர்ந்த நீர் கனத்தாற் கீழே இறங்கி அதன் இடத்துக்கு வரும். வெயில் உள்ள மட்டும் இச்சுற்று ஓயாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தாங்கி பெட்டிக்கு மேலே இருக்கவேண்டும். கீழே இருந்தால் சுட்ட நீர் பெட்டியின் தலையிலேயே தங்கிவிடும்; சுற்று நடவாது. மட்டத்துக்கு மட்டம் இருந்தாலோ, இரவிலே பெட்டி குளிரும்போது நீர் பின்னோக்கி ஓடிப் பகலில் ஈட்டியதை இழந்துவிடும். இந்த நிபந்தனையை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். என் கதை இதனாலேயே வந்தது.

பெட்டியைத் தெற்கு நோக்கி 25 பாகை சாய்த்து வைத்தோம். யாழ்ப்பாணத்திலே சித்திரை நடுவில் நண்பகற் கதிரவன் தலைக்கு நேரே நிற்பான். மார்கழியிலோ நண்பகலிலும் உச்சியிலிருந்து ஏறக்குறைய 33 பாகை தெற்கே சாய்ந்திருப்பான். வெந்நீர் மிக வேண்டப்படுவது மார்கழியிலே. ஆகவே மார்கழிக் கதிரவனையே பெரிதும் நோக்கிச் சாய்த்தோம்.

ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். குழாய்களைத் தகட்டோடு ஒட்டுதற்குத் தகரவேலைக்காரர் ஒருவர் வந்தார். நவச்சாரத்தைத் தேய்த்து, காய்ந்த கோலினால் வெள்ளீயத்தை உருக்கி, குழாய்க்கும் தகட்டுக்கும் இடையிலே ஓடவிட்டார். "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "பற்றாசு, ஐயா" என்றார். யான் திகைத்துப்போனேன். நேரிசை வெண்பாவிலே முதற் குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை அறுமாயின் ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர். அதற்கு ஆசு என்று பெயர். உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் பற்றாசு போன்றதாதலின் அப்பெயர் பெற்றது. இதனை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்தவன் யான். பற்றாசை ஒருநாளாயினும் கண்டதில்லை. ஒட்டுவது மாத்திரம் அதன் வேலை என்று எண்ணியிருந்தேன். மாணவன் சொன்னான்: "ஐயா, இடையிலே மயிரளவு வெளி இருந்தாலும் தகட்டின் சூடு குழாய்க்குப் போகாது. பற்றாசு இருந்தால்தான் போகும்." இருபுறமும் பொருந்திநின்று ஒன்றின் வெப்பத்தை மற்றொன்றுக்குக் கடத்துவது ஆசு. வெண்பாவிலே ஆசு செய்வதும் அதுவே அன்றோ! அன்றைக்குத்தான் ஆசிடை வெண்பா எனக்கு விளங்கிற்று.

முதல் நாள் காலையிலே கிணற்று நீர் 28 பாகை. மாலை நான்கு மணிக்குத் தாங்கியின் உச்சியிலே 55 பாகை. மறுநாள் வைகறையிலும் கைபொறுக்கும் சூடு குறையவில்லை. இவ்வளவு நீரை மின்சாரத்தாற் சுடவைக்க ஏறக்குறைய 3 அலகு செல்லும். தாயார் குளித்துவிட்டு வந்து, "புகை மணக்காத சுடுதண்ணி" என்றார். அவர் இலக்கியம் படித்தவர் அல்லர்.

இனிக் கட்டுரையின் கதைக்கு வருவோம். மாணவனை அழைத்து, "தம்பி, நீ செய்ததை எழுது. இது பிறருக்கும் பயன்படவேண்டும்" என்றேன். பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். யான் சிவப்பு மையை எடுத்தேன். அவன் எழுதியிருந்த வசனங்களுள் ஒன்று இது: தாங்கியின் அடி, வெயிற்பெட்டியின் தலைக்கு ஓரடி மேலே இருக்கவேண்டும், கீழே இருந்தால் தண்ணி சுடாது.

இவ்வசனம் என் செவிக்கு இனிக்கவில்லை. அடி என்னும் சொல் ஒரே வசனத்திலே இருபொருளில் இருமுறை வந்துவிட்டது. பெட்டிக்குத் தலை உண்டோ? தண்ணி என்பது கொச்சை. முழுவதையும் வெட்டிவிட்டு, நீர்த்தாங்கியை உயர்ந்ததோர் இடத்தே செவ்வனே நிறுவுக என்று எழுதினேன். தொடக்கத்திலே கதிரவனின் பெருமையைப் பற்றி யானே ஒரு பந்தி சேர்த்தேன். கட்டுரை அழகாயிற்று என்று மகிழ்ந்தேன். மாணவன் யாதும் பேசவில்லை. ஐயா திருத்தினால் சரியாகவே இருக்கும் என்று எண்ணினான் போலும்.

மலையகத்திலே ஆசிரியராயிருக்கும் நண்பர் ஒருவருக்கு அக்கட்டுரையின் பிரதியை அனுப்பினேன். அங்கே வைகறைக் குளிரிலே பனிபோன்ற நீரிற் குளித்துவிட்டுப் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு படிக்க இருப்பார்கள். அவர்கள் தங்கும் சிறு விடுதிக்கு ஒன்று செய்யவேண்டும் என்று நண்பர் விரும்பினார். தோட்டத் தொழிலாளரான பெற்றோர் தம் நாட்சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கொடுத்தனர். பெட்டியைச் செய்தார்கள். நிலத்திலே மரநிழல் விழுந்தமையால் பெட்டியை விடுதியின் கூரைமேல் வைத்தார்கள். பின்பு, தாங்கியை வைக்க உயர்ந்ததோர் இடத்தைத் தேடினார்கள். விடுதிக்குப் பின்னாலே ஒரு மேடு இருந்தது. விடுதியின் தளத்திலும் அது உயர்ந்தது; கூரையிலும் தாழ்ந்தது. அந்த மேட்டின்மேலே தாங்கியைச் செவ்வனே நிறுவினார்கள்.

இரண்டு வாரம் சென்றும் நீர் சுடவில்லை. எரிக்கிற வெயிலிலும் தாங்கி குளிர்ந்தே கிடந்தது. பெற்றோர் வெளிப்படையாகக் குறை கூறவில்லை. ஆனால் நண்பரைக் கண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அவர் தொலைபேசியில் என்னை அழைத்து, "பண்டிதர், உங்கள் கட்டுரையின்படியே எல்லாம் செய்தோம்" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. யான் தொலைபேசியை மாணவனிடம் கொடுத்தேன். அவன் ஒரு கேள்விதான் கேட்டான்: "சேர், தாங்கியின் அடி எங்கே, பெட்டியின் தலை எங்கே?" பெட்டியை மேட்டின் கீழ்ச்சரிவிலே வெயில் படும் இடத்துக்கு இறக்கினார்கள். மூன்றாம் நாள் வெந்நீர் வந்தது.

அவனுடைய பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோட்டின் கீழே அந்த வசனம் கிடந்தது. எத்தனை உயரம் என்பது அதில் இருந்தது. எதற்கு மேலே என்பதும் இருந்தது. தவறினால் யாது நிகழும் என்பதும் இருந்தது. என் வசனத்திலே இம்மூன்றும் இல்லை. ஓசை மாத்திரம் இருந்தது. நன்னூலார் நூலுக்குச் சொன்ன குற்றம் பத்தனுள், வேண்டியதைச் சொல்லாது விடும் குன்றக்கூறல், பொருள் ஐயுறக் கிடக்கும் மயங்கவைத்தல் என்னும் இரண்டையும் ஒரே வசனத்திலே செய்தவன் யான். அவற்றை மாணவருக்குப் பாடம் நடத்துபவனும் யானே!

அணி வேண்டா என்பது என் கருத்தன்று. கதிரவனைப் பாடுவார் பாடுக. பாட்டுக்கு ஓர் இலக்கணம் உண்டு. செய்வதற்காக எழுதும் வசனத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவ்வசனத்தைப் படித்தவன் எழுதியவனைக் காணாமலே அப்பொருளைச் செய்து முடிக்கவேண்டும். முடித்தானாயின் வசனம் நன்று. முடித்திலனாயின் அது எத்துணை இனிதாயினும் பழுதே. இங்ஙனம் எழுதுவது எளிது என்று எண்ணுவார் தாம் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதிப் பார்ப்பாராக.

நம் நாட்டிலே இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ஆறுமுக நாவலரும், அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் அவர்களும் ஒரே ஆண்டிலே, 1822இலே, பிறந்தவர்கள். நாவலர் பிள்ளைகளுக்கும் விளங்கும் வசனத்தைச் செய்து தந்தார். கிறீன் 1847இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே இருந்து, மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார், ஆக்குவித்தார். சத்திரம் பிடிக்கும் கைக்குத் தமிழ் வசனம் வழிகாட்டிற்று. அங்கே ஒரு சொல் மயங்கினால் ஓர் உயிர் போகும். அந்த மரபுக்கு உரியவர்களாகிய நாம், பள்ளிக்கூடக் கட்டுரை என்றால் மழைக்காலக் காட்சி, யான் ஒரு பழைய குடை என்பவற்றோடு நின்றுவிட்டோம். விஞ்ஞானம் எழுதுவோர் சிலரோ, நிறுவப்படுதல் வேண்டப்படுகின்றது என்று எழுதி, எவர் எதனை எங்கே நிறுவுவது என்பதை மறைத்துவிடுகின்றனர். அலங்காரத்திலே மறைப்பதும் குற்றம். இறுக்கத்திலே மறைப்பதும் குற்றம்.

கடையிலே இத்தகைய கருவிகள் விற்கின்றனவே, வாங்கி வைத்தால் என்ன என்பாரும் உளர். வசதியுடையார் வாங்குக. வாங்கியது பழுதானால் திருத்துபவரைத் தேடவேண்டும். செய்தது பழுதானால் எங்கே பழுது என்று செய்தவனுக்குத் தெரியும். எங்கள் நாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலே ஊறி வருவது. கேத்தலின் உள்ளே படியும் வெள்ளைப் பொருக்கு வெயிற்பெட்டியின் குழாயிலும் படியும். ஆதலாற் குழாயை ஒடுக்கக் கூடாது. சில மாதத்துக்கு ஒருமுறை நீரை வடித்து, எலுமிச்சம்புளி கரைத்த நீரை ஊற்றிக் கழுவவேண்டும். மாரி மழையிலே மூன்று நாள் வெயில் காணாவிடின் பெட்டி பயன்தராது. கிடாரத்தையும் பொச்சு மட்டையையும் எறிந்துவிடக் கூடாது. குடிக்கும் நீருக்கும் சமையலுக்கும் பயன்படுத்த எண்ணினால் ஈயம் கலவாத பற்றாசே வேண்டும். இவற்றையும் அந்த மாணவன் எழுதியிருந்தான். நற்காலமாக இவை என் சிவப்பு மைக்குத் தப்பிவிட்டன.

தமிழாசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தவணைக்கு ஒருமுறையாயினும் செய்முறைக் கட்டுரை ஒன்று எழுதுவிப்போம். வெயிற்பெட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. தும்புக் கயிறு திரிப்பதும் ஆகும், பனங்கட்டி காய்ச்சுவதும் ஆகும். அதனை நாம் திருத்துவதற்கு முன்னே, வேறொரு வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து அதன்படி செய்யச் சொல்வோம். எந்த வசனத்திலே அவர்கள் தடுமாறினார்களோ அந்த வசனத்திலே மாத்திரம் சிவப்பு மை விழட்டும். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் அன்றைக்கு ஒரே மேசையிலே இருந்து புள்ளியிடலாம். தகரவேலைக்காரரையும் தச்சரையும் வகுப்புக்கு அழைத்து அவர்கள் வாய்ச்சொற்களைக் கேட்டெழுதுவோம். பற்றாசைப் போல இன்னும் எத்தனை சொற்கள் நம் உரைநூல்களிலே பொருள் காணப்படாமற் கிடக்கின்றனவோ!

மலையக நண்பர் கடிதம் எழுதியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் ஒன்று செய்ய விரும்புகிறதாம். கட்டுரையைத் திருத்தி அனுப்புமாறு கேட்டிருக்கிறார். யான் திருத்தவில்லை. மாணவனின் கையெழுத்துப் பிரதியையே, எழுத்துப்பிழைகளை மாத்திரம் நீக்கிப் படியெடுத்து அனுப்பினேன். அந்த வசனத்திலே அடி இருமுறை வருகிறது. பெட்டிக்குத் தலையும் இருக்கிறது. தண்ணியையும் தொடவில்லை.